மண்டபத்துக்குக் கோயிலா, கோயிலுக்கு மண்டபமா?

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்குங்க. வர்ற ஞாயிற்றுக்கிழமை ஆண்டுக்கூட்டத்துக்கு முன்னாடி படிச்சிட்டு வந்தா நல்லது. கூட்டத்துல ஆளுக்கு ரெண்டு நிமிஷம்தான் பேச விடுவாங்க. அதான் இங்க எழுதுறோம்.

போன மாசம் ஒரு வெள்ளிக்கிழமை, சாயரட்சை பூசை நேரம். மறுநாள் கல்யாண விருந்துக்காக மண்டபத்துல சவுண்டு செட்டு போட்டுப் பார்த்துட்டு இருந்தாங்க. குருக்கள் அம்மனுக்குத் தீபம் காட்டுறாரு, பக்கத்துல தம்பி ஒருத்தர் மணி அடிக்கிறாரு. கை ஆடுறது கண்ணுக்குத் தெரியுது, சத்தம் காதுல விழல. தோட்டத்துக் காலத்துல இருந்து வெள்ளி தவறாம வர்ற பாட்டி ஒருத்தவங்க வேப்பமரத்தடியில உட்கார்ந்திருந்தாங்க. கண் பார்வை மங்கி ரெண்டு வருஷம் ஆகுது. மணிச் சத்தத்தை வச்சுத்தான் எழுந்து கும்பிடுவாங்க. அன்னிக்கி எழுந்திருக்கவே இல்ல. பூசை முடிஞ்சு திருநீறு கொண்டு போய்க் கொடுத்தப்ப, "என்னய்யா, இன்னும் ஆரம்பிக்கலையா?"ன்னு கேட்டாங்க.

அந்த மண்டப புக்கிங் ரசீதை எழுதினது நாங்கதான். அதனால இந்தப் பதிவு யாரையும் குத்தம் சொல்ல இல்ல. சொல்றதா இருந்தா முதல் குத்தவாளி நாங்கதான்.

புதுசா தாமானுக்கு வந்தவங்களுக்குக் கொஞ்சம் பழைய கதை தெரியணும். இந்தக் கோயில் முதல்ல ரப்பர் தோட்டத்துல, லயத்துக்கும் பெரட்டுக் களத்துக்கும் நடுவுல, அத்தாப்புக் கூரையோட இருந்துச்சு. சம்பள நாள்ல கோயில் காசுன்னு ஒரு தொகையைக் கிராணி பிடிச்சுக்குவாரு. யாரும் மூஞ்சைச் சுளிச்சதில்லன்னு எங்க அப்பா சொல்வாரு. பால் வெட்டுறதுக்கு முன்னாடி விளக்கு, பிள்ளை பொறந்தா முதல்ல அம்மன் சன்னதி, அம்மை போட்டா வேப்பிலை, செத்த வீட்டுக்குப் பாய், பாத்திரம் எல்லாம் கோயில்லதான். தோட்டத்தை வித்து வீடுங்க வந்தப்ப இந்தத் துண்டு நிலம் கிடைச்சுது. எல்லாரும் ஓவர்டைம் காசைப் போட்டுக் கட்டினோம். மண்டபம் அப்புறம் வந்தது. அன்னதானத்துக்கு மழையில நனையாம உட்கார ஒரு இடம் வேணும், அவ்வளவுதான் அன்னிக்கி எங்க கணக்கு.

பிறகு கரண்டு பில் கட்ட மண்டபத்தை வாடகைக்கு விட்டோம். தப்பே இல்ல. குருக்கள் சம்பளத்துக்கு இன்னொரு புக்கிங். அதுவும் சரிதான். அப்புறம் பிறந்தநாள். அப்புறம் சைவச் சாப்பாடு மட்டும்னு இருந்த விதியை "மண்டபத்துக்குள்ளதானே சைவம், பின்னாடி கூடாரம் போட்டுக்குங்க"ன்னு வளைச்சோம். அப்புறம் ஒரு ஒய்.பி. மானியம் கொடுத்தாரு. பெரிய அட்டை காசோலையைப் பிடிச்சுப் படம் எடுத்தோம். அந்த வருஷம் திருவிழாவுல மாலை, பொன்னாடை, பேச்சு எல்லாம் முடியறதுக்குள்ள அபிஷேகப் பால் வெயில்ல திரிஞ்சு போச்சு. பால்குடம் எடுத்தவங்க ஒண்ணும் சொல்லல. அடுத்த வருஷம் சில பேர் வேற கோயிலுக்கு எடுத்தாங்க.

எங்க பொழப்பு பேக்டரியில. இருபது வருஷத்துக்கு மேல ஷிப்டு சூப்பர்வைசர் வேலை. புதுசா வர்ற பசங்களுக்கு முதல்ல சொல்லிக் கொடுக்கிறது ஒண்ணுதான். செஞ்ச பொருளை நேத்து செஞ்ச பொருளோட ஒப்பிடாதே, அலமாரியில பூட்டி வச்சிருக்கிற மாஸ்டர் சாம்பிளோட ஒப்பிடு. நேத்தைய பொருளோட பார்த்தா தினம் ஒரு மயிரிழை விலகினாலும் கண்ணுக்குத் தெரியாது, எல்லாம் பாஸ் ஆயிடும். மூணு மாசம் கழிச்சு கஸ்டமர் மொத்த லோரியையும் திருப்பி அனுப்புவான். அப்ப யார் தப்புன்னு தேடினா ஒருத்தரும் சிக்க மாட்டாங்க. ஏன்னா ஒரு நாள்ல நடந்த தப்பு இல்ல அது.

நம்ம கோயிலுக்கு மாஸ்டர் சாம்பிள் எது? செயலாளர் கிட்ட கேட்டு, 1966-ஆம் ஆண்டு சங்கங்கள் சட்டத்துல பதிவு செஞ்ச நம்ம பெர்லெம்பாகாஆனை எடுத்துப் பார்த்தோம். பைல்ல பூச்சி அரிச்சிருந்துச்சு. துஜுவான் பகுதியில இருக்கிறது இதுதான்: அம்மனுக்கு நித்திய பூசை நடத்துறது, சமயம் கற்பிக்கிறது, பக்தர்களோட நலனைக் கவனிக்கிறது. மண்டபத்தைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல. சட்டப்படி அந்தத் துஜுவானை மாத்தணும்னா சங்கப் பதிவிலாகா அனுமதி வேணும். நாம அனுமதி கேக்காமலே மாத்திட்டோம் போலிருக்கு.

குருக்கள் கிட்டயும் பேசினோம். அவரு அதிகம் பேச மாட்டாரு, பெர்மிட்டுக்காக அலைஞ்சு அலைஞ்சு களைச்ச மனுஷன். கோயில்ல நடக்கிறது மூணு வகைன்னாரு. தினம் நடக்கிற நித்தியம், திருவிழா மாதிரி வர்ற நைமித்திகம், ஆளுங்க வேண்டுதலுக்குச் செய்ற காமியம். நித்தியத்துல குறை வந்தா அதுக்குப் பிராயச்சித்தம் செய்யச் சொல்லுது ஆகமம். நம்ம கோயில்ல கூட்டமும் காசும் மத்த ரெண்டுக்குத்தான். காலை பூசைக்கு வந்து எண்ணிப் பாருங்க, நாலு பேர் நிப்பாங்க. அதுல ஒருத்தர் பூ கட்டுறவரு.

சமய வகுப்பு விஷயத்தைச் சொல்லாம விட முடியாது. ஆரம்பிச்சப்ப முப்பத்துச் சொச்சம் பிள்ளைங்க. இந்து சங்கம் நடத்துற திருமுறை ஓதும் விழாவுக்கு வேன் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனோம். சனிக்கிழமை மண்டபம் புக்கிங்னு வகுப்பை ஞாயிறுக்கு மாத்தினோம். ஞாயிறும் புக்கிங், வெள்ளிக்கு மாத்தினோம். அப்புறம் செருப்பு விடுற இடத்துக்குப் பக்கத்துல பாய் போட்டாங்க டீச்சர். இப்ப பதினோரு பிள்ளைங்க. "பதினோரு பேருக்காக ஒரு புக்கிங்கை விடணுமா?"ன்னு நிர்வாகக் கூட்டத்துல ஒரு கேள்வி வந்துச்சு. அன்னிக்கி நாங்க வாய் திறக்கல, இப்பவும் வெட்கமா இருக்கு. வெள்ளைக்காரன் காலத்துல 1923-ல வந்த தொழிலாளர் சட்டமே, தோட்டத்துல பத்துப் பிள்ளை இருந்தா ஒரு பள்ளிக்கூடம் வைக்கணும்னு சொல்லிச்சு. ரப்பர் பால் மேல கண்ணா இருந்தவனுக்கே பத்துப் பிள்ளை போதும்னு பட்டிருக்கு.

காசில்லாம கோயில் நடக்குமான்னு பொருளாளர் அண்ணன் கேப்பாரு. கேக்கணும், அது அவரு வேலை. மழைக்கு ஒழுகுற கோபுரத்துக்கும் பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை கும்பாபிஷேகத்துக்கும் பக்தி மட்டும் போதாது. மண்டபத்தை மூடச் சொல்லல. ஆனா ஞாயித்துக்கிழமை ஓட்டுக்கு வர்றது வேற விஷயம்: மேல் மாடி, ஏர்கோன், அதுக்குப் பேங்க் லோன். லோன் எடுத்துட்டா மாசாமாசம் தவணை வரும். தவணைக்கு புக்கிங் வேணும். புக்கிங்குக்காக எதை வேணும்னாலும் விட்டுக் கொடுப்போம். லோன் இல்லாதப்பவே மணிச் சத்தத்தை விட்டுக் கொடுத்தவங்க நாம.

அதனால மாடிக்கு எங்க ஓட்டு இல்ல. அதுக்குப் பதிலா ஒரு தீர்மானம் கொண்டு வர்றோம். தினமும் பூசை நேரத்துல மண்டபத்துல மைக்கும் கூடாது, பாட்டும் கூடாது, வெள்ளிக்கிழமை சாயங்காலம் புக்கிங்கே கூடாது, அது பிள்ளைங்களோட நேரம். இதை புக்கிங் பாரத்துலயே அச்சடிக்கணும், அப்பதான் எங்களை மாதிரி ரசீது எழுதுறவங்க முகதாட்சண்யத்துக்கு வளைய மாட்டாங்க. இதனால குறையற வாடகை எவ்வளவுன்னு கணக்குப் போட்டோம். நூறு குடும்பம் மாசம் பத்து வெள்ளி கூடப் போட்டா சரியாப் போயிடும். தோட்டத்துல நம்ம தாத்தா பாட்டி கொடுத்த மாதிரிதான். எங்க வீட்டுல இந்த மாசத்துல இருந்தே ஆரம்பிச்சாச்சு.

தோத்தாலும் கோவிச்சுக்கிட்டுப் போக மாட்டோம். திருவிழாவுக்குப் பாத்திரம் கழுவ எப்பவும் போல வருவோம்.

கூட்டம் ஞாயிறு காலை பத்து மணிக்கு. சந்தா கட்டாதவங்க ஓட்டுப் போட முடியாது, முன்னாடியே கட்டிடுங்க. அதுக்கு முன்ன வர்ற வெள்ளிக்கிழமை மண்டபம் காலி, வகுப்பு உள்ளதான். ஏழு மணிக்குப் பாய் விரிக்க ரெண்டு பேர் வேணும். பாட்டியைக் கூட்டிட்டு வர கார் உள்ள ஒருத்தர் இருந்தா கீழ சொல்லுங்க.