முகத்துவாரம் தாண்டும் படகு

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த சமயம். ஆரணியாற்று வெள்ளம் கலந்து பழவேற்காடு ஏரியில் உப்பு குறைந்திருக்கிறது. மீன் ஏற்றிய ஃபைபர் படகொன்று கடலிலிருந்து முகத்துவாரம் வழியாக ஏரிக்குள் நுழைகிறது. சுமையில் மாற்றமில்லை. படகின் மீதான மிதப்பு விசை கூடுமா, குறையுமா, அப்படியே இருக்குமா?

இந்த ஆண்டு முதன்முறையாக இயற்பியல் வகுப்புக்குள் நுழையும் ஆசிரியர்கள் இந்தக் கேள்வியோடு தொடங்கலாம். சூத்திரம் மனப்பாடமானவர், அடர்த்தி குறைந்தால் விசையும் குறையும் என்பார். படகு ஏரியில் சற்று அதிகம் அமிழ்வதைப் பார்த்து வளர்ந்த மீனவ வீட்டுப் பிள்ளையும், தாங்கும் விசை குறைந்ததால்தான் அமிழ்கிறது என்று நினைக்கக்கூடும். மிதக்கும்வரை விசை எடைக்குச் சமம். அது மாறுவதே இல்லை. அதிக நீரை விலக்கித்தான் படகு அந்தச் சமநிலையைக் காக்கிறது.

உள்ளூர் உதாரணம் சொன்னாலே பாடம் புரிந்துவிடும் என்ற நம்பிக்கை நமக்கில்லை. படகைக் காட்டி விடையையும் நாமே சொன்னால், அது படகேறிய பழைய விரிவுரைதான். ஹார்வர்டில் எரிக் மசூர் 1991இல் கையாளத் தொடங்கிய முறையில், மாணவர் முதலில் தனியாக யோசித்து விடையைத் தேர்கிறார். சரியாகச் சொன்னவர்கள் ஏறத்தாழ 30 முதல் 70 சதவீதம் என்றால், பக்கத்தில் இருப்பவரோடு வாதிட்டு மறுபடி தேர்கிறார். அதற்கும் குறைவென்றால் பாடத்தை இன்னொரு முறை விளக்க வேண்டியதுதான். இதற்குக் கருவி எதுவும் வேண்டாம். ஆனால் கைதூக்கச் சொல்லாதீர்கள். முதல் பெஞ்சைப் பார்த்துக் கடைசி பெஞ்சும் தூக்கும். நெஞ்சருகே ஒன்று, இரண்டு, மூன்று என விரல் காட்டினால் போதும்.

பலன் உண்டா? 62 பாடவகுப்புகளில் 6,542 மாணவர்களை ஆராய்ந்து ரிச்சர்ட் ஹேக் 1998இல் வெளியிட்ட முடிவு இது: கற்க மிச்சமிருந்த கருத்துகளில் வழக்கமான விரிவுரை வகுப்புகள் சராசரியாக 23 சதவீதத்தையும், மாணவரை ஈடுபடுத்திய வகுப்புகள் 48 சதவீதத்தையும் எட்டின.

இருந்தும் முறையீடு வரும். "சார் நடத்தவே மாட்டேங்கிறார், எங்களையே பேச விடுறார்." 2019இல் ஹார்வர்டில் நடந்த ஆய்வில், ஈடுபட்டுக் கற்ற மாணவர்கள் தேர்வில் அதிகம் பெற்றார்கள், ஆனால் குறைவாகக் கற்றதாகவே உணர்ந்தார்கள். சரளமான விரிவுரை கேட்கும்போது எல்லாம் புரிந்ததுபோல இருக்கும். தானே திணறும்போது அப்படி இருக்காது. ஆகவே இந்த ஆய்வைப் பருவத்தின் முதல் வகுப்பிலேயே மாணவர்களிடம் சொல்லிவிடுங்கள். துறைத்தலைவரிடம் அதற்கும் முன்பே.