வயசாயிடுச்சு என்று விட்டுவிடாதீர்கள்



இந்த மாதம் வந்த கடிதங்களில் ஒன்று மனதைப் பிசைந்துவிட்டது. பதினான்கு வயதுப் பூனை. இத்தனை வருஷமும் ஒழுங்காக மணல் தட்டுக்குப் போய்வந்தது, இப்போது திடீரென்று கூடத்துப் பாயில் சிறுநீர் கழிக்கிறதாம். நடுராத்திரியில் எழுந்து தெருவே விழிக்கும்படி கத்துகிறதாம். "வயசாயிடுச்சு, வீம்புக்குச் செய்கிறது, மீன் மார்க்கெட்டில் கொண்டுபோய் விட்டுவிடு என்கிறார்கள். என்ன செய்யட்டும்?" என்று கேட்டிருக்கிறார் அந்த அம்மா.

விட்டுவிடாதீர்கள், அம்மா. பழிவாங்கும் புத்தி பூனைக்குக் கிடையாது. வயதான பூனையின் பழக்கம் சட்டென்று மாறினால் முதலில் அதன் உடம்பைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

பாயில் சிறுநீர் கழிப்பதையே எடுத்துக்கொள்வோம். 12 வயதைத் தாண்டிய 100 பூனைகளின் எக்ஸ்ரே படங்களை அலசிய அமெரிக்க ஆய்வு ஒன்று 2002-இல் வெளிவந்தது. 90 பூனைகளுக்கு மூட்டுத் தேய்மானம் இருந்தது. ஆனால் பூனை நொண்டிக் காட்டாது, முனகாது. ஒரே தாவலில் பீரோ மேல் ஏறியது, இப்போது நாற்காலியில் ஏறி, சற்று நின்று, மேஜைக்குப் போய், அங்கிருந்து அண்ணாந்து பார்த்துவிட்டுப் பேசாமல் படுத்துக்கொள்ளும். இடுப்புக்கு நாக்கு எட்டாததால் முதுகின் பின்பக்க மயிர் சடைபிடிக்கும். தட்டின் விளிம்பைத் தாண்டக் காலைத் தூக்கினால் வலி. பாய்க்கு விளிம்பு இல்லை, அவ்வளவுதான். தட்டின் ஒரு பக்கத்தை வெட்டித் தாழ்த்திப் பாருங்கள். மூத்திரப்பையில் எரிச்சல், சர்க்கரை நோய், சிறுநீரகக் கோளாறு என வேறு காரணங்களும் உண்டு. குளியலறை வாளியில் தலையை விட்டு அடிக்கடி தண்ணீர் குடிக்கிறதா என்று கவனியுங்கள்.

ராத்திரிக் கத்தலுக்கு அடிக்கடி காரணமாவது தைராய்டு சுரப்பு மிகுதல். பூனைகளுக்கு இந்த நோய் வருகிறது என்பதே 1979-இல்தான் மருத்துவ ஏடுகளில் பதிவானது. இது ஆளை ஏமாற்றும் நோய். பூனை நன்றாகச் சாப்பிடும், துறுதுறுவென்று ஓடும். கிழவிக்கு இளமை திரும்பிவிட்டது என்று வீட்டார் பூரித்துப்போவார்கள். உடம்பு மட்டும் இளைத்துக்கொண்டே வரும். மாதம் ஒருமுறை பூனையைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏறி நின்று, பிறகு உங்கள் எடையைக் கழித்துக் குறித்து வையுங்கள். நான்கு கிலோ பூனை 400 கிராம் இளைப்பது, அறுபது கிலோ ஆள் ஆறு கிலோ இளைப்பதற்குச் சமம்.

ரத்த அழுத்தம் ஏறினால் விழித்திரை பிரிந்து ஒரே இரவில் பார்வை போய்விடக்கூடும். பகல் வெளிச்சத்திலும் கண்மணி அகல விரிந்தே இருந்தால், சுவரில் இடித்துக்கொண்டால், மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். மனிதருக்கு வருவதுபோன்ற முதுமை மறதியும் பூனைக்கு வரும்தான். ஆனால் மற்ற நோய்கள் எதுவும் இல்லை என்று பரிசோதித்து உறுதி செய்த பிறகே மருத்துவர் அந்த முடிவுக்கு வரவேண்டும்.

ஒன்றைக் கை கூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். வலிக்கிறதே என்று இரக்கப்பட்டு வீட்டிலிருக்கும் பாரசிட்டமாலை உடைத்துக் கொடுத்துவிடாதீர்கள். அதை முறித்து வெளியேற்றும் நொதி பூனையின் ஈரலில் போதுமான அளவு கிடையாது. ஒரே மாத்திரை உயிரைக் குடித்துவிடும்.

மருத்துவரிடம் போகும்போது பூனை கத்துவதையும் நடப்பதையும் போனில் படமெடுத்துக்கொண்டு போங்கள். அங்கே பயத்தில் அது எதையும் காட்டாது. ரத்தம், சிறுநீர், தைராய்டு, ரத்த அழுத்தம் நான்கையும் பார்க்கச் சொல்லுங்கள். கொண்டுபோகும் கூடையை இரண்டு மூன்று நாள் முன்பே திறந்து வைத்து, அது படுக்கும் துணியை உள்ளே போட்டுவிட்டால் தானாகவே போய்ப் படுத்துப் பழகும். ஆண் பூனை முக்கி முக்கியும் சிறுநீர் வராமல் தவித்தால் மட்டும் கூடைக்கும் காத்திருக்க வேண்டாம். துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு அந்த நிமிஷமே கிளம்பிவிடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்