வரிசையில் நிற்பது பைத்தியம் இல்லை

ஒரு சனிக்கிழமை, விடிய ஐந்தே முக்கால். நான் சப்பாத்து போட்டுக்கொண்டிருந்தேன். அம்மா குசினிக்குள் இருந்து எட்டிப் பார்த்தார்.

"கொன்சேர்ட் எத்தனை மணிக்கு?"

"எட்டு மணிக்கு."

"இரவு எட்டுக்கோ?"

"ஓம் அம்மா."

"அதுக்கு ஏன் பிள்ளை இப்பவே போறாய்?"

இந்தக் கேள்வி உங்கள் வீட்டிலும் கேட்டிருக்கும். எங்கள் வீட்டில் இதற்குப் பின்னால் ஒரு சரித்திரமே இருக்கிறது. அம்மம்மா எழுபதுகளில் இருட்டோடு எழும்பிப் பாணுக்கு வரிசையில் நின்றவர். அம்மா தொண்ணூறுகளில், யாழ்ப்பாணத்துக்குப் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில், சங்கக்கடை வாசலில் மண்ணெண்ணெய்க்கு நின்றவர். 2022 இல் மச்சாள் பெற்றோலுக்கு நின்றாள். அவர்களெல்லாம் வேறு வழி இல்லாமல் நின்றார்கள். நான் காசு கொடுத்து ரிக்கெட் வாங்கிவிட்டு, நானாக விரும்பிப் போய் நிற்கிறேன். அம்மாவுக்கு அது விளங்காததில் ஆச்சரியம் இல்லை.

ஆனாலும் நான் போனேன். அது பைத்தியம் இல்லை என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். அதே நேரம், அந்த வரிசையில் சரியாக இல்லாத விஷயங்களும் இருக்கின்றன. இரண்டையும் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில், ஏன் போகிறோம்? கதிரை இல்லாத கொன்சேர்ட்டில் ரிக்கெட் உங்களைக் கதவுக்குள் விடும், அவ்வளவுதான். எந்த இடத்தில் நிற்பீர்கள் என்பது எப்போது உள்ளே போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ரொறன்ரோவில் இப்படியான மண்டபங்கள் நிறைய. குயின் வீதி கிழக்கில் 2021 நவம்பரில் திறந்த ஹிஸ்டரிக்குள் 2,500 பேர் போகலாம். டான்ஃபோர்த் மியூசிக் ஹோல் 1919 இல் திரையரங்காகக் கட்டப்பட்டது. இன்றைக்கு அங்கே பெரும்பாலும் நின்றுதான் பாட்டுக் கேட்கிறோம். டவுன்ஸ்வியூவில் 2025 ஜூனில் திறந்த ரோஜர்ஸ் ஸ்டேடியம் ஐம்பதாயிரம் பேருக்கானது. நான் ஐந்தடி ஓரங்குலம். பின்னுக்கு நின்றால் எனக்குத் தெரிவது முன்னுக்கு நிற்கிற அண்ணாவின் முதுகும், அவர் தூக்கிப் பிடித்திருக்கிற போனில் ஒரு குட்டிப் பாடகியும்தான். அதை வீட்டில் இருந்தே பார்க்கலாம்.

இரண்டாவது காரணம் காசு. நல்ல இடம் வேண்டுமென்றால் இன்றைக்கு முதலில் கேட்பது காசைத்தான். கேள்வி கூடக்கூட ஏறுகிற விலை, மற்றவர்களுக்கு முதல் உள்ளே விடுகிற விசேட ரிக்கெட், மறுவிற்பனைக்காரர்கள். ஒன்ராறியோவில் 2017 இல் கொண்டுவந்த ரிக்கெட் விற்பனைச் சட்டத்தில், மறுவிற்பனை விலை அச்சிட்ட விலையைவிட 50 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்று ஒரு பிரிவு இருந்தது. அது நடைமுறைக்கு வர முதலே, 2018 இல் வந்த அடுத்த அரசு அதை நிறுத்திவிட்டது. இப்படியான உலகத்தில், குறைந்த விலை ரிக்கெட் வைத்திருக்கிற ஒரு பதினெட்டு வயதுப் பிள்ளை மேடைக்குப் பக்கத்தில் நிற்பதற்கு மிஞ்சியிருக்கிற ஒரே வழி, தன் நேரத்தைக் கொடுப்பது. அந்த வழியைப் பார்த்துச் சிரிக்க எனக்கு மனம் வரவில்லை.

"நேரம் எல்லாருக்கும் சமம், ஆகவே வரிசைதான் நியாயம்" என்று நானும் முன்பு சொல்லித் திரிந்தேன். இப்போது அப்படிச் சொல்லமாட்டேன். மால்வேனில் இருக்கிற பிள்ளைக்கும் டவுன்ரவுனில் இருக்கிற பிள்ளைக்கும் காலை ஆறு மணி ஒன்று இல்லை. ஸ்காபரோ ஆர்.ரி. 2023 ஜூலையில் தடம்புரண்ட பிறகு திரும்ப ஓடவே இல்லை. இப்போது கெனடி வரைக்கும் பஸ். ஞாயிற்றுக்கிழமை சப்வே தொடங்குவதே எட்டு மணி அளவில். சனிக்கிழமை பகல் கடையில் வேலை செய்கிறவர், தம்பி தங்கச்சியைப் பார்க்க வேண்டியவர், கன நேரம் நிற்க உடம்பு விடாதவர், "பொம்பிளைப் பிள்ளை இருட்டோட வெளியில போறதோ?" என்று கேட்கிற வீட்டில் இருக்கிறவர், இவர்கள் எல்லாருமே பின்னுக்குப் போகிறார்கள். அவர்களுக்கு அந்தப் பாட்டில் விருப்பம் குறைவு என்பதால் இல்லை.

இதையெல்லாம் தெரிந்துகொண்டுதான் அன்றைக்கு நான் போனேன். எனக்கு முதலே பதினாறு பேர். போர்வை, மடக்குக் கதிரை, ரிம் ஹோர்ட்டன்ஸ் கோப்பைகள். ஒரு அக்கா வந்து என் புறங்கையில் கறுப்பு மார்க்கரால் 17 என்று எழுதினார். போனில் ஒரு பட்டியல் வைத்திருந்தார். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை பெயர் கூப்பிடுவார். அப்போது இல்லாதவரின் இலக்கம் போய்விடும். யாரும் அவரைத் தெரிவு செய்யவில்லை, ஆனால் எல்லாரும் அவர் சொன்னதைக் கேட்டோம். யாருக்காவது கழிப்பறைக்குப் போக வேண்டுமென்றால் பக்கத்தில் நிற்பவர் பையைப் பார்த்துக்கொள்வார். மத்தியானத்துக்குள் 15, 16, 18 மூன்று பேரின் முழுக் கதையும் எனக்குத் தெரியும். அந்த நாளில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதுதான்.

பிடிக்காத பகுதி மாலை நாலு மணிக்குத் தொடங்கியது. ஒன்பதாம் இலக்கக்காரியின் ஐந்து நண்பர்கள் வந்து அவளோடு சேர்ந்துகொண்டார்கள். பின்னுக்கு நின்றவர்கள் கத்தினார்கள். ஆறு மணி அளவில் மண்டபத்து ஊழியர்கள் வெளியே வந்து, "இந்தப் பட்டியல் எங்களுடையது இல்லை" என்றார்கள். அவர்கள் சொன்னது உண்மைதான். பிறகு கட்டடத்தின் மற்றப் பக்கத்தில் இன்னொரு வரிசையைத் தொடங்கினார்கள். ஒரே கணத்தில் எங்கள் பன்னிரண்டு மணித்தியாலமும் கலைந்தது. எல்லாரும் ஓடினோம். நானும் ஓடினேன். எனக்கு முன்னால் ஓடிய சின்னப் பிள்ளை ஒன்று நடைபாதை விளிம்பில் தடக்கி விழுந்தது. இரண்டு பேர் அதைத் தாண்டிப் போன பிறகுதான் யாரோ கைகொடுத்துத் தூக்கினார்கள். அந்த இரண்டு பேரில் ஒருத்தி நான்.

அந்த இரவு நான் மூன்றாவது வரிசையில் நின்றேன். பாட்டு நல்லாக இருந்தது. ஆனால் அந்தப் பிள்ளையின் முழங்கால்தான் இன்னும் ஞாபகம் இருக்கிறது.

பிறகு இதைப்பற்றித் தேடி வாசித்தேன். 1979 டிசம்பர் 3, அமெரிக்காவின் சின்சினாட்டி. தி ஹூ இசைக்குழுவின் நிகழ்ச்சி. ரிக்கெட்டுகளில் பெரும்பாலானவற்றுக்கு இட இலக்கம் இல்லை, முதலில் வருபவருக்கு முன்னிடம். ஆயிரக்கணக்கானோர் குளிருக்குள் மணிக்கணக்காக வெளியில் நின்றார்கள். உள்ளே இருந்து சத்தம் கேட்டதும் நிகழ்ச்சி தொடங்கிவிட்டது என்று நினைத்துச் சனம் முன்னுக்குத் தள்ளியது. திறந்திருந்தது சில கதவுகள்தான். 11 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் எங்கள் வயதுக்காரர். இறந்தது மேடைக்கு முன்னால் இல்லை, வாசலில். நிகழ்ச்சி அன்றிரவு உள்ளே நடந்துகொண்டிருந்தது. அதன் பிறகு அந்த நகரம் இட இலக்கம் இல்லாத நிகழ்ச்சிகளைத் தடைசெய்தது. 2004 இல்தான் தடையை நீக்கினார்கள்.

"ரசிகர்களுக்கு வெறி" என்று சொல்வது இலகு. ஆனால் ஒருவர் காலை ஆறு மணிக்கே வந்து அமைதியாக நிற்கிறார் என்றால் அவர் ஒழுங்கை விரும்புகிறவர் என்றுதான் அர்த்தம். கடைசி ஐந்து நிமிடத்தில் அவரை ஓட வைப்பது எது? தான் நின்றதற்கு மதிப்பு இருக்குமா என்ற பயம். அந்தப் பயத்தை இல்லாமல் செய்வது மண்டபத்தின் வேலை. எத்தனை கதவு திறக்கும், எந்தப் பக்கம் திறக்கும், வரிசையை யார் பார்ப்பார்கள் என்பதெல்லாம் அவர்களின் கையில்தான் இருக்கிறது.

இதை எங்கள் ஊருக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். 2024 பெப்ரவரி 9 இல் யாழ்ப்பாணம் முற்றவெளியில் ஹரிஹரனின் இசை நிகழ்ச்சி நடந்தது. காசு கொடுத்தவர்களுக்கு முன்னுக்கு ஒரு பகுதி, இலவசமாக வந்தவர்களுக்குப் பின்னுக்கு ஒரு பகுதி. சனம் தடுப்புகளை உடைத்துக்கொண்டு முன்னுக்கு வந்தது, நிகழ்ச்சி இடையில் நின்றது. அடுத்த நாள் இங்கே ரொறன்ரோவில் எத்தனை பேர், "எங்கட சனத்துக்கு ஒழுங்கு தெரியாது" என்று கதைத்தார்கள்! நாங்கள் ஏதோ பிறவியிலேயே வரிசைக்காரர் என்ற மாதிரி. தடுப்பை உடைத்தது சரி என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒரு ஒழுங்கு சரியாகப் போடப்பட்டால் அதே சனம் அதற்குள் நிற்கும். பெற்றோலுக்கு நாள்கணக்காக நின்ற மச்சாள் சொன்னதும் அதுதான். 2022 இல் கியூ.ஆர். அட்டை வந்து, ஒருவருக்கு ஒரு கிழமைக்கு இவ்வளவு என்று நிச்சயமாகி, பெற்றோலும் வரத் தொடங்கியதும், வரிசை சுருங்கிவிட்டது. சனம் மாறவில்லை.

இங்கே எங்கள் ஆட்கள் நடத்துகிற நிகழ்ச்சிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. நாலு மணித்தியாலம் முதலே வந்து முன்னுக்கு நிற்கிற பிள்ளைகளை, நிகழ்ச்சி தொடங்கப் பத்து நிமிடம் இருக்கும்போது, "தம்பி, கொஞ்சம் பின்னுக்குப் போங்கோ, அனுசரணையாளரின்ர குடும்பம் வருகுது" என்று தள்ளுவதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அனுசரணையாளருக்கு இடம் கொடுங்கள், அதில் பிழை இல்லை. ஆனால் அந்த இடத்தை முதலே கயிறு கட்டி வைத்துவிட்டு, வருகிறவர்களிடம் வாசலிலேயே சொல்லுங்கள். இல்லாவிட்டால், முதலே வந்து நிற்பது முட்டாள்தனம், ஆளைத் தெரிந்திருப்பதுதான் கெட்டித்தனம் என்று பதினைந்து வயதுப் பிள்ளைக்கு நாங்களே படிப்பிக்கிறோம்.

இதைச் சரியாகச் செய்கிற இடங்கள் இருக்கின்றன. விம்பிள்டன் டென்னிஸுக்கு ஆட்கள் பூங்காவில் கூடாரம் அடித்துக் காத்திருப்பார்கள். வந்தவுடன் ஒவ்வொருவருக்கும் திகதியும் இலக்கமும் போட்ட அட்டை கொடுக்கப்படும். அதை இன்னொருவருக்குக் கைமாற்ற முடியாது. புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் நிகழ்ச்சிகளில் வேறு முறை: வருபவர்களுக்கு இலக்கம் போட்ட கைப்பட்டி கொடுத்துவிட்டு, குறித்த நேரத்தில் ஓர் இலக்கத்தைக் குலுக்கி எடுப்பார்கள். வரிசை அந்த இலக்கத்தில் இருந்து தொடங்கும். முதல் நாள் இரவே வந்து நடைபாதையில் படுப்பதில் பிறகு பிரயோசனம் இல்லை. கடைக்கு வேலைக்குப் போய்விட்டு வருகிற பிள்ளைக்கும் ஒரு வாய்ப்புக் கிடைக்கும்.

எனக்கு எது விருப்பம்? முன்பு கேட்டிருந்தால் விம்பிள்டன் மாதிரி என்று சொல்லியிருப்பேன், முதலில் வந்தவருக்கே முதல் இடம் என்று. இப்போது குலுக்கல் என்று சொல்வேன். அதில் எனக்கு நட்டம்தான், நான் நேரத்துக்கு எழும்பக்கூடியவள். ஆனால் மால்வேன் பிள்ளைக்கு அது நியாயம். மாசி மாதத்து மைனஸ் பதினைந்தில் யாரும் விறைக்கத் தேவையில்லை. எந்த முறையாக இருந்தாலும், அதை மண்டபம்தான் செய்ய வேண்டும், ரிக்கெட் விற்கும்போதே அதைச் சொல்லவும் வேண்டும்.

கேட்டால் நடக்குமா? ரோஜர்ஸ் ஸ்டேடியத்தில் ஸ்ட்ரே கிட்ஸின் முதல் நிகழ்ச்சி முடிந்து வெளியேறும்போது சனம் நெருக்குப்பட்டது. நிறையப் பேர் முறைப்பாடு செய்தார்கள். அடுத்த நிகழ்ச்சிகளுக்கு முதல், ஆட்கள் வெளியேறுகிற ஒழுங்கில் மாற்றங்கள் செய்யப்பட்டன. ஆகவே கேளுங்கள். ரிக்கெட் வாங்கியதும் மண்டபத்துக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள்: வரிசை எங்கே, எத்தனை மணிக்கு, யார் இலக்கம் கொடுப்பார்கள்?

அதுவரைக்கும் எங்கள் பட்டியல்தான் இருக்கப் போகிறது என்றால், அதையாவது ஒழுங்காக வைத்திருப்போம். ஒரு ஆளுக்கு ஓர் இடம், ஐந்து நண்பர்களுக்கு இல்லை. முதல் நாள் இரவே பட்டியல் தொடங்குவது வேண்டாம். கழிப்பறைக்குப் போனவரின் இலக்கத்தை வெட்ட வேண்டாம். தண்ணீர் கொண்டுபோங்கள், பக்கத்தில் இருப்பவருக்கும் கொடுங்கள். வரிசை கலைந்தால் ஓட வேண்டாம். யாராவது விழுந்தால் நில்லுங்கள், முன்னிடம் போனால் போகட்டும். இதைச் சொல்ல எனக்குத் தகுதி குறைவு என்று தெரியும். அதனால்தான் சொல்கிறேன்.

அன்றிரவு வீட்டுக்கு வர ஒரு மணி ஆகிவிட்டது. அம்மா படுக்கவில்லை. சோற்றைச் சூடாக்கி வைத்துவிட்டு என் கையைப் பிடித்துப் பார்த்தார். 17 இன்னும் அழியவில்லை.

"சங்கக்கடையிலயும் இப்படித்தான் ஒரு அண்ணை நம்பர் எழுதித் தருவார்," என்றார். பிறகு, "மண்ணெண்ணெய் முடிஞ்சுது எண்டு சொன்னவுடன நாங்களும் ஓடினனாங்கள்தான்."