சென்னை-கோவை விமானம்: வானத்தில் 1 மணி நேரம், வீடு போய்ச் சேர 5 மணி நேரம்!

சென்னை:

"அப்பாவுக்கு ரொம்ப முடியல, உடனே கிளம்பி வா" என்று கோவையில் இருந்து போன் வருகிறது. அம்பத்தூர் பட்டறையில் வேலை பார்க்கும் மகன் என்ன செய்வார்? கடனை உடனை வாங்கியாவது விமானத்தில் போய்விடலாம் என்றுதான் மனசு அடித்துக்கொள்ளும்.

ஆனால் கணக்கு போட்டு பார்த்தால் விஷயம் வேறு மாதிரி இருக்கிறது. அதன் விவரம் வருமாறு:-

மீனம்பாக்கத்தில் இருந்து பீளமேடு விமான நிலையம் நேர்கோட்டில் சுமார் 400 கிலோ மீட்டர்தான். ரெயிலோ ஜோலார்பேட்டை, சேலம், ஈரோடு என்று சுற்றி 495 கிலோ மீட்டர் ஓடுகிறது.

டிக்கெட்டில் இல்லாத நேரம்

விமான டிக்கெட்டில் பயண நேரம் சுமார் 1 மணி 10 நிமிடம் என்று இருக்கும். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதும் இதில் அடக்கம்.

ஆனால் அம்பத்தூரில் இருந்து விமான நிலையம் போக 1 மணி நேரம். 2 மணி நேரம் முன்னதாகவே வரச்சொல்கிறார்கள். 1 மணி நேரத்துக்கு முன்பே கவுண்டரை மூடிவிடுவார்கள். இறங்கி பெட்டியை எடுக்க அரை மணி, வீடு போக அரை மணி. ஆகமொத்தம் 5 மணி 10 நிமிடம்!

2023 ஏப்ரல் 8-ந்தேதி தொடங்கிய வந்தே பாரத் ரெயிலுக்கு அறிவிக்கப்பட்ட நேரம் 5 மணி 50 நிமிடம். சென்டிரல் போவது, காத்திருப்பது, வீடு போவது எல்லாம் சேர்த்தால் 7 மணி 50 நிமிடம். விமானத்தில் மிச்சமாவது 2 மணி 40 நிமிடம்தான்.

திருப்பூர்க்காரர்களுக்கு அதுவும் இல்லை. பீளமேட்டில் இறங்கி பஸ் பிடித்து திரும்பி வரவேண்டும். ரெயில் திருப்பூரிலேயே நிற்கிறது. மிச்சம் 1 மணி நேரம் அளவுக்கு சுருங்கிவிடும்.

கோவை அவினாசி ரோட்டில் உப்பிலிபாளையம்-கோல்டுவின்ஸ் இடையே 10.1 கிலோ மீட்டர் மேம்பாலம் 2025 அக்டோபர் 9-ந்தேதி திறக்கப்பட்டது. நெரிசல் நேரத்தில் அந்தப்பக்கம் சில நிமிடங்கள் குறையும். ஆனால் சென்னை பக்கத்து அலைச்சல் அப்படியேதான் இருக்கிறது.

போன் வந்த நேரத்தை பாருங்க

அவசரத்துக்கு வேகத்தைவிட, தகவல் வந்த நேரம்தான் முக்கியம்.

காலை 9 மணிக்கு போன் வந்தால் விமானம் நல்லது. வந்தே பாரத் சென்டிரலில் இருந்து மதியத்துக்கு மேல்தான் கிளம்பும். அதுவரை கையை பிசைந்துகொண்டு உட்கார முடியாது.

மாலை 6 மணிக்கு போன் வந்தால் பதற வேண்டாம். நீலகிரி, சேரன் எக்ஸ்பிரஸ் ரெயில்கள் இரவில் கிளம்பி விடியற்காலையில் கோவையில் இறக்கிவிடும். முன்பதிவு இல்லாத பெட்டியிலாவது ஏறிவிடலாம்.

நள்ளிரவில் என்றால் ரெயில் போயிருக்கும். ஆம்னி பஸ், அல்லது காலையில் முதல் விமானம்தான் வழி.

கடைசி நேரத்தில் விமான டிக்கெட் விலை பல மடங்கு எகிறும். ஒரு மாத சம்பளத்தில் பெரும்பகுதியை கொடுத்து வாங்குவது 2 மணி 40 நிமிடம். ஆஸ்பத்திரி வாசலில் அந்த நேரம் பெரிசுதான். ஆனால் போய் இறங்கிய பிறகு மருந்து செலவுக்கும் கையில் காசு வேண்டுமே!