வீட்டுப் பேச்சு: சட்டைப்பையில் ஒரு பேனாக்கத்தி

சகோதரி ஒருவர் நமக்கு நீண்டதொரு கடிதம் விடுத்துள்ளார். அவருடைய புதல்வன் பொறியியல் கல்லூரியில் சேர்ந்து விடுதிக்குப் புறப்படுகிறான். பெட்டியில் வைக்கவேண்டிய பொருள்களின் பட்டியலில் ‘பேனாக்கத்தி ஒன்று’ என்று அம்மையார் எழுத, அவர் கணவர் அதனைக் கோடிட்டு அடித்துவிட்டாராம். “கத்தி வைத்திருப்பவன் என்று பிள்ளைக்குப் பெயர் வரவேண்டாம்” என்பது தந்தையின் கட்சி. “ஒரு மாம்பழம் நறுக்கக்கூடவா கத்தி ஆகாது?” என்பது தாயின் கட்சி. இருவரும் தத்தம் கட்சியை விடுவதாயில்லை. தீர்ப்பை நம்மிடம் விட்டிருக்கிறார்கள்.

முதலில் நம் சார்பைச் சொல்லிவிடுகிறோம். நாம் பேனாக்கத்தியோடு வளர்ந்தவர்கள். நமது தந்தையார் அரசாங்க உத்தியோகத்தின் பொருட்டுத் தில்லிக்கு வந்தவர். அவர் சட்டைப்பையில் எந்நாளும் மரப்பிடி போட்ட சிறு கத்தியொன்று இருக்கும். ஊரிலிருந்து பாட்டியார் அனுப்பும் பார்சல் வெள்ளைத் துணியில் சுற்றி, ஊசியால் நெருக்கித் தைத்து, அரக்கு வைத்து வந்து சேரும். வடகமும் அப்பளமும் உள்ளே இருக்கின்றன என்று அறிந்த நாங்கள் சுற்றி நின்று துடிப்போம். அவரோ தையலை ஒவ்வொரு கண்ணாக அறுத்து, துணியில் ஓர் இழையும் கிழியாதபடி பிரிப்பார். அந்தத் துணி மறுவாரம் தலையணை உறையாகிவிடும். கோடை விடுமுறையில் ஊருக்குச் செல்லும் இரயிலில் வெள்ளரிக்காயைக் கீறி உப்பும் மிளகாய்த் தூளும் தடவித் தருவதும், எங்கள் பென்சில்களைச் சீவுவதும், செருப்பு வாரில் புதுத்துளை இடுவதும் அதே கத்திதான். யாரேனும் கேட்டால் கையில் கொடுக்கமாட்டார். மடக்கித் தரையில் வைப்பார், கேட்டவர் எடுத்துக்கொள்ள வேண்டும். நம்மவர் வீடுகளில் இன்றும் பல பெரியவர்கள் அப்படித்தான் செய்கிறார்கள்.

பேனாக்கத்தி என்னும் பெயரையும் சற்று எண்ணிப் பார்க்கலாம். ஐரோப்பியர் பறவை இறகைச் சீவி எழுதிய காலத்தில் அந்த இறகைச் சீவுவதற்கென்று வைத்திருந்த சிறு கத்தி அது. இறகு போயிற்று, பெயர் நின்றது. நமது நாட்டிலோ ஓலையில் எழுதியவர்கள் ‘மடக்கெழுத்தாணி’ என்ற ஒன்றை வைத்திருந்தார்கள். ஒருபுறம் எழுத்தாணி, மறுபுறம் ஓலையை நறுக்கும் கத்தி. இரண்டும் பிடிக்குள் மடங்கிவிடும். ஆகவே மடக்குக்கத்தியைச் சண்டைக்காரனின் பொருள் என்று மட்டும் எண்ணுவது சரித்திரத்திற்கு ஒவ்வாது.

நிற்க. அந்தத் தந்தை அஞ்சுவதற்கும் காரணம் உண்டு. நம்முடைய குடும்பங்களுள் ஒன்றில் சில ஆண்டுகளுக்கு முன் நடந்ததை அறிவோம். கல்லூரி மாணவன் ஒருவன் நண்பன் வீட்டுத் திருமணத்திற்கு மொராதாபாத் பக்கம் போனவன், அருகிலுள்ள இராம்பூரில் கத்தியொன்றை வேடிக்கைக்காக வாங்கி வந்தான். இராம்பூர் நவாபுகள் ஆண்ட ஊர். அதன் கத்தி, இந்திப் படங்களின் வில்லன்கள் கையிலேறி நாடெங்கும் பெயர் பெற்றது. 2023-ஆம் ஆண்டில் அவ்வூர்ச் சந்தியொன்றில் ஏறத்தாழ 20 அடி நீளத்தில் கத்தி வடிவம் ஒன்றையே நிறுத்திவிட்டார்கள். பையன் வாங்கியது பொத்தானை அழுத்தினால் ‘சடக்’கென்று விரியும் வகை. அதைப் பையிலிட்டு மறந்து, மறுநாள் மெட்ரோ நிலையத்துச் சோதனையில் அகப்பட்டான். இரவு பத்து மணிக்குத் தந்தைக்குத் தொலைபேசி வந்தது. அரைகுறை இந்தியோடு அவர் காவல்நிலையத்தில் நின்ற நிலையை எழுத நமக்கு மனமில்லை. இந்தி நன்கறிந்த அடுத்த வீட்டுக்காரர் துணையிருந்ததால் விடிவதற்குள் பையன் வீடு திரும்பினான், கத்தி திரும்பவில்லை. அவன் தாயார் ஒரு மாதம் சரியாக உறங்கவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்று அவர்களுக்கு முன்பே யாரேனும் கூறியிருந்தால் இது நேர்ந்திராது. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தின் கீழுள்ள விதிகள், அலகு 9 அங்குலத்திற்கு மேல் நீண்ட அல்லது 2 அங்குலத்திற்கு மேல் அகன்ற கத்திகளை ஆயுதம் என்று கணக்கில் கொள்கின்றன. வீட்டு வேலைக்கும் உழவுக்கும் தொழிலுக்கும் என்று செய்யப்பட்டவை அதில் சேரா. இதைப் படித்தவர், ‘நம்முடையது நான்கு அங்குலந்தானே’ என்று நிம்மதியடைவார். தில்லியில் அந்த நிம்மதி செல்லாது. 1980-ஆம் ஆண்டு அக்டோபரில் தில்லி நிர்வாகம் ஓர் அறிவிக்கை பிறப்பித்தது. வில்விசையால் விரிவன, பற்சக்கரம் கொண்டு கரகரவென்று திறப்பன, பொத்தான் உள்ளன, வேறு இயந்திர அமைப்பால் திறப்பன அல்லது மூடுவன ஆகிய கத்திகளில் அலகு 7.62 சென்டிமீட்டரும் அதற்கு மேலும் நீளமும், 1.72 சென்டிமீட்டரும் அதற்கு மேலும் அகலமும் உள்ளவற்றை உரிமமின்றிப் பொதுவிடத்தில் வைத்திருத்தலாகாது. மீறினால் அது சிறைத் தண்டனைக்குரிய குற்றம். 7.62 சென்டிமீட்டர் என்பது சரியாக மூன்று அங்குலம்.

சீக்கிய அன்பர்கள் கிர்பான் தரிக்கிறார்களே என்று சிலர் கேட்பதுண்டு. அது அரசியல் சாசனத்தின் 25-ஆவது விதியில் விளக்கமாகவே ஏற்கப்பட்ட சமய உரிமை. நமது மாம்பழத்திற்கு அப்படியொரு விதி இல்லை.

ஆகவே சகோதரியாருக்கு நாம் கூறுவது: வாங்குங்கள், ஆனால் அலகு மூன்று அங்குலத்திற்கு நன்றாகக் குறைந்திருக்கட்டும், நகத்தை வைத்து இழுத்துத் திறப்பதாக இருக்கட்டும், பொத்தானும் விசையும் வேண்டவே வேண்டாம். சாதாரண பேனாக்கத்தியின் முதுகிலும் எஃகு வில் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. அலகை அழுத்திப் பிடிப்பதற்காக இருப்பது அது. இது விசைக்கத்தியன்று என்று நாம் வாதாடலாம். ஆனால் காவல்நிலையம் அவ்வாதத்திற்கு ஏற்ற இடமன்று. அலகு சிறிதாயிருந்தால் வாதமே எழாது.

சுவிட்சர்லாந்தின் விக்டரினாக்ஸ் நிறுவனத்தாரின் சிவப்புக் கத்தியைப் பலர் அறிவர். கார்ல் எல்செனர் 1897-இல் பதிவு செய்த அதிகாரிகள் கத்தியின் வழிவந்தது அது. மூடினால் 58 மில்லிமீட்டர் உள்ள சிறு வகையில் கத்தரிக்கோலும் உண்டு. விடுதி மாணவனுக்கு அது தாராளம். பிரான்சின் ஒப்பினெல் கத்தி 1890 முதல் வருவது. மரப்பிடியின் கழுத்திலுள்ள வளையத்தைத் திருப்பினால் அலகு மடங்காமல் நிற்கும். அதில் 6-ஆம் எண்ணின் அலகு 7 சென்டிமீட்டர். 7-ஆம் எண் 8 சென்டிமீட்டராகிவிடுகிறது. ஓர் எண்ணில் எவ்வளவு வேறுபாடு பாருங்கள்! இவை விலை மிகுதி என்றால் நம்மூர்க் கத்தி எதுவும் குற்றமில்லை, பார்த்து வாங்கத் தெரிந்தால்.

பார்ப்பது எப்படி? அலகைத் திறந்து பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள், ஆடினால் வைத்துவிடுங்கள். மூடியபின் முனை பிடிக்குள் முழுவதும் அடங்கவேண்டும். அணுவளவு வெளியே நின்றாலும் சட்டைப்பையையும் விரலையும் கிழிக்கும். திறக்கும்போதும் மூடும்போதும் வில் உறுதியாக இழுக்கவேண்டும். கரியெஃகு அலகு எளிதில் கூராகும். ஆனால் எலுமிச்சையும் மாங்காயும் பட்டால் கறுக்கும், துடைக்காவிட்டால் துருவேறும். பையன்கள் துடைப்பார்கள் என்று நாம் நம்பவில்லை. எனவே துருப்பிடிக்காத எஃகே நல்லது. கூர் மழுங்கினால் தெருவில் மிதிவண்டிச் சக்கரத்தைச் சுழற்றிச் சாணை பிடிப்பவரிடம் கொடுக்கவேண்டாம். பெரிய அரிவாள்மணைக்கு அவர் கை பொருந்தும். சிறு அலகு சூடேறி நீலம் பாய்ந்தால் எஃகின் உரம் போய்விடும். ஒரு சாணைக்கல்லும் சிறிது தண்ணீரும் போதும்.

எடுத்துச் செல்வதுபற்றி ஒன்று. மெட்ரோ நிலையத்தில் ஒரு காவலர் விடுவதை மற்றொருவர் தடுப்பார்; அன்றாடம் கல்லூரிக்குப் போகும் பையில் கத்தி இருக்க வேண்டியதில்லை, அறையிலேயே இருக்கட்டும். இரயிலில் ஊருக்கு வரும்போது பெட்டிக்குள் போகட்டும். விமானமானால் சரக்காகப் பதிவு செய்யும் பெட்டியில் மட்டும்.

இதனை நாம் பட்டுத்தான் அறிந்தோம். தந்தையார் மறைந்தபின் அந்த மரப்பிடிக் கத்தி நம்மிடம் வந்தது. ஒருநாள் சென்னையிலிருந்து துக்கச் செய்தி வர, கைப்பையைத் தூக்கிக்கொண்டு விமான நிலையத்திற்கு ஓடினோம். பையின் ஓர் அறையில் கத்தி இருந்த நினைவே இல்லை. சோதனையிட்ட காவலர் கண்ணியமாகவே பேசினார். “திரும்பிச் சென்று சரக்காகப் பதிவு செய்யுங்கள், இல்லையேல் இங்கே விட்டுச் செல்லுங்கள்” என்றார். விமானம் புறப்பட இருபது நிமிடமே இருந்தது. நகவெட்டிகளும் கத்தரிக்கோல்களும் கிடந்த கண்ணாடிப் பெட்டியொன்றைக் காட்டினார். கத்தியை மடக்கி, அவர் கையில் கொடுக்காமல், பெட்டியின் மேல் வைத்தோம். அவரே எடுத்து உள்ளே போட்டார்.