தேனைக் கடைசியில் ஊற்றுங்கள்... ஏற்காட்டு மிளகில் வாணலி சிக்கன்!

ஏற்காடு போய்விட்டு இறங்கும் எந்தக் குடும்பத்தின் பையைத் திறந்தாலும் மூன்று பொட்டலங்கள் இருக்கும். ஒன்று காபித்தூள், இன்னொன்று மிளகு, மூன்றாவது ஒரு பாட்டில் தேன். காபித்தூள் ஒரு மாதத்தில் தீர்ந்துவிடும். மிளகும் தேனும் மட்டும் அடுக்களை அலமாரியின் பின்வரிசைக்குப் போய், சளி பிடிக்கும்போது மட்டும் வெளியே வரும்.

அந்த இரண்டையும் வைத்தே ஒரு ராத்திரி சாப்பாட்டை முடித்துவிடலாம். கூட அரை கிலோவுக்குக் கொஞ்சம் அதிகமாக சிக்கன், இரண்டு ஆரஞ்சு, ஒரு கைப்பிடி சின்ன வெங்காயம். ஒரே ஒரு வாணலி. காரமும் இனிப்பும் சேர்ந்து, கறியின் மேல் பளபளவென்று ஒட்டிக்கொண்டிருக்கும். குழந்தைகள் விரலைச் சப்பிச் சாப்பிடுவார்கள்.

கேட்க சுலபமாகத்தான் இருக்கிறது. ஆனால், முதல்முறை செய்கிற பலருக்கும் இது சொதப்பும். மேலே கருகி, உள்ளே வேகாமல் நிற்கும். அது ஏன் என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

கரடியூருக்கு ஒரு போன்

ஏற்காட்டில் வியூ பாயின்ட்டுக்குப் பெயர்போன ஊர்களில் கரடியூரும் ஒன்று. அங்கே பிறந்து வளர்ந்த ஒரு பெண், வேலைக்காகச் சென்னையில் ஃப்ளாட் எடுத்துத் தங்கியிருக்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிறு ராத்திரி, தோழிகள் இரண்டு பேர் சாப்பிட வருகிறார்கள். அடுப்பில் வாணலி. அதிலிருந்து கருகல் வாசனை. உடனே அம்மாவுக்கு போன்.

"அம்மா, தேன் ஊத்துன ரெண்டே நிமிஷத்துல கறுப்பாயிடுச்சு. உள்ள கறி இன்னும் பச்சையா இருக்கு."

"தேனை எப்ப ஊத்துன?"

"மசாலாகூடவே பெரட்டி வெச்சுட்டேன்."

"அதான் கண்ணு. தேனைக் கடைசியாத்தான் ஊத்தணும். மொதல்ல கறி வேகட்டும்."

அம்மா சொன்னது அவ்வளவுதான். இந்தச் சமையலின் மொத்த ரகசியமும் அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது.

தேன் ஏன் கருகுகிறது?

வெள்ளைச் சர்க்கரை உருகிப் பழுப்பாக மாற சுமார் 160 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும். தேனில் அதிகமாக இருப்பது ஃப்ரக்டோஸ் என்ற பழச்சர்க்கரை. அது 110 டிகிரியிலேயே நிறம் மாறத் தொடங்கிவிடும். காய்ந்த எண்ணெயோடு இருக்கும் வாணலியின் சூடு இந்த இரண்டையும் தாண்டி நிற்கும். அதனால், கறி உள்ளே வேகுமுன்பே வெளியே பூசிய தேன் கரியாகிவிடும்.

கறி மேல் வரும் பொன்னிறமும் வறுத்த வாசனையும் தேனால் வருவதில்லை. கறியில் இருக்கும் புரதமும் இயற்கையான சர்க்கரையும் சுமார் 140 டிகிரிக்கு மேல் ஒன்றோடொன்று சேர்ந்து மாறுவதால் வருவது அது. அதற்கு கறியின் மேல்புறம் ஈரமில்லாமல் இருக்க வேண்டும். ஈரம் இருந்தால் அந்தத் தண்ணீர் ஆவியாகி முடிகிறவரை சூடு 100 டிகிரியைத் தாண்டாது. கறி வறுபடாது, அவியத்தான் செய்யும்.

ஆகவே வரிசை இதுதான்: முதலில் உப்பு, அடுத்து சூடு, பிறகு புளிப்பு, கடைசியில் இனிப்பு.

தேவையானவை (4 பேருக்கு)

எலும்பில்லாத தொடைக்கறி – 600 கிராம்
உப்பு – 1 டீஸ்பூன்
மஞ்சள்தூள் – கால் டீஸ்பூன்
மிளகு – ஒன்றரை டீஸ்பூன் (ஒன்றிரண்டாக இடித்தது)
கடலை எண்ணெய் – 2 டேபிள்ஸ்பூன்
சின்ன வெங்காயம் – 15
பூண்டு – 8 பல் (தட்டியது)
இஞ்சி – ஒரு அங்குலத் துண்டு (துருவியது)
காய்ந்த மிளகாய் – 4 (கிள்ளி, விதையை உதிர்த்தது)
குடைமிளகாய் – 1
ஆரஞ்சு – 2 (சாறு அரை கப் வர வேண்டும்)
தேன் – ஒன்றரை டேபிள்ஸ்பூன்
கறிவேப்பிலை, கொத்தமல்லி – தேவைக்கு

நெஞ்சுக்கறி வேண்டாமா என்று கேட்கலாம். நெஞ்சுக்கறியில் கொழுப்பு குறைவு. இரண்டு நிமிடம் கூடுதலாக அடுப்பில் நின்றாலும் நார்நாராகிவிடும். தொடைக்கறி அப்படியில்லை, கொஞ்சம் முன்னே பின்னே ஆனாலும் மெத்தென்று இருக்கும்.

செய்முறை

1. கறியை இரண்டு சென்டிமீட்டர் தடிமனில், தட்டையான துண்டுகளாக நறுக்குங்கள். உப்பு, மஞ்சள்தூள் புரட்டி, ஃப்ரிட்ஜில் அரை மணி நேரம் வையுங்கள். உப்பு உள்ளே இறங்க இந்த நேரம் வேண்டும்.

2. அடுப்பில் போடும் முன் கறியின் மேலிருக்கும் ஈரத்தை டிஷ்யூ தாளால் ஒற்றி எடுங்கள். இதைத் தவிர்க்காதீர்கள்.

3. இரும்பு வாணலியோ கனமான தோசைக்கல்லோ நன்றாகக் காயட்டும். எண்ணெய் விட்டு, துண்டுகளை இடைவெளி விட்டு அடுக்குங்கள். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் நெருக்கிப் போட்டால் சூடு இறங்கி, தண்ணீர் விட்டுக்கொள்ளும். இடம் போதாவிட்டால் இரண்டு தடவையாகப் போடலாம்.

4. மிதமான தீயைவிடச் சற்றுக் கூடுதலான தீயில் 5 நிமிடம். கரண்டி போட்டுக் கிளறக் கூடாது. கறி தானாகவே வாணலியை விட்டு எழும்பும்போது திருப்புங்கள். மறுபக்கம் 4 நிமிடம். பிறகு ஒரு தட்டில் எடுத்து வையுங்கள். இந்தக் கட்டத்தில் கறி இன்னும் முழுதாக வெந்திருக்காது. அதனால் ருசி பார்க்கக் கூடாது.

5. அதே எண்ணெயில் காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை, சின்ன வெங்காயம், பூண்டு, இஞ்சி என வரிசையாகப் போட்டு வதக்குங்கள். வெங்காயம் கண்ணாடி போல் ஆனதும் குடைமிளகாய் சேர்த்து ஒரு நிமிடம்.

6. ஆரஞ்சுச் சாற்றை ஊற்றுங்கள். அடியில் ஒட்டியிருக்கும் பழுப்பெல்லாம் கரைய, கரண்டியால் சுரண்டிவிடுங்கள். சிக்கன் வறுபட்ட ருசி முழுவதும் அங்கேதான் இருக்கிறது. சாறு பிழியும்போது விதையும் வெள்ளைத் தோலும் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள், கசந்துவிடும்.

7. கறியைத் தட்டில் வடிந்த சாற்றோடு திரும்பப் போட்டு, மூடி, சிறு தீயில் 6 நிமிடம்.

8. மூடியைத் திறந்து, தீயைக் கொஞ்சம் கூட்டி, குழம்பு வற்றியதும் தேனும் இடித்த மிளகும் சேருங்கள். புரட்டிக்கொண்டே இரண்டு நிமிடம். கறிமேல் பளபளப்பு ஏறியதும் அடுப்பை அணைத்துக் கொத்தமல்லி தூவுங்கள்.

ஆரஞ்சில் புளிப்பு இருப்பதால், இரும்பு வாணலியிலேயே ராத்திரி முழுக்க விட்டுவைக்காதீர்கள். இரும்பு வாடை ஏறும். சமைத்ததும் வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிட்டு, வாணலியைக் கழுவித் துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் தடவி வையுங்கள்.

மலைமேல் சமைப்பவர்களுக்கு

ஏற்காடு கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. உயரம் கூடக் கூடக் காற்றழுத்தம் குறையும், தண்ணீர் சீக்கிரம் கொதித்துவிடும். சேலத்தில் கிட்டத்தட்ட 99 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர், ஏற்காட்டில் 95 டிகிரியிலேயே கொதிக்கும். கொதிக்கிறது என்பதால் வெந்துவிட்டது என்று அர்த்தமில்லை. மலையில் கொதிக்கும் குழம்பின் சூடே நாலு டிகிரி குறைவு. அங்கே பருப்பும் கறியும் திறந்த பாத்திரத்தில் வேக அதிக நேரம் பிடிப்பதன் காரணம் இதுதான்.

எண்ணெயில் வறுபடுவதற்கு இந்தத் தொல்லை கிடையாது. எண்ணெயின் சூடு உயரத்தைப் பார்ப்பதில்லை. அதனால் 4-வது படியில் நேரத்தை மாற்ற வேண்டாம். மூடி வேகவைக்கும் 7-வது படியில் மட்டும், மலையில் இருப்பவர்கள் 3 நிமிடம் கூட்டிக்கொள்ளுங்கள். காட்டேஜ் எடுத்துத் தங்கிச் சமைக்கும் சுற்றுலாக் குடும்பங்களுக்கும் இது பொருந்தும்.

அவர்களுக்கு இன்னொன்று. சேலத்தில் கறி வாங்கிக்கொண்டு 20 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறுவதாக இருந்தால், கறியை ஐஸ் போட்ட டப்பாவில் தனியாக வையுங்கள். பச்சைக் கறி வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. வழியில் நின்று போட்டோ எடுக்கிற நேரமும் அந்தக் கணக்கில்தான் சேரும்.

வெந்ததா, எப்படித் தெரியும்?

சிக்கன் உள்ளே குறைந்தது 70 டிகிரி சூட்டை எட்ட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அமெரிக்க விவசாயத்துறை 74 டிகிரி என்கிறது. சால்மோனெல்லா, கேம்பிலோபேக்டர் போன்ற கிருமிகளால் வரும் வாந்தி, பேதியைத் தவிர்க்கத்தான் இந்தக் கணக்கு. சமையல் தெர்மாமீட்டர் இருந்தால் தடிமனான துண்டின் நடுவில் குத்திப் பாருங்கள். இல்லையென்றால், இருப்பதிலேயே பெரிய துண்டை இரண்டாக வெட்டுங்கள். உள்ளே கண்ணாடி போலவோ இளஞ்சிவப்பாகவோ தெரிந்தால், மூடி போட்டு இன்னும் 4 நிமிடம். மேலே இருக்கும் நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். தேன் பூசிய கறி, வேகாவிட்டாலும் வெந்தது போலவே தெரியும்.

பச்சைக் கறியைக் குழாய்க்கு நேரே பிடித்துக் கழுவினால், தண்ணீர் தெறித்துப் பக்கத்தில் இருக்கும் பாத்திரம், காய்கறி எல்லாவற்றிலும் கிருமி பரவும். கழுவியே ஆக வேண்டும் என்றால், பாத்திரத்தில் தண்ணீர் வைத்து மெதுவாக அலசி, பிறகு சிங்க்கையும் கையையும் சோப்பு போட்டுக் கழுவிவிடுங்கள்.

குழந்தை இருக்கும் வீட்டில் கவனம்

ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் எந்த வடிவிலும் கூடாது. நாக்கில் தொட்டு வைப்பதும் கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒருவகை பாக்டீரியாவின் வித்துகள், பச்சிளம் குழந்தையின் குடலில் வளர்ந்து நஞ்சை உண்டாக்கலாம். போட்டுலிசம் என்ற அந்த நோயில் தசைகள் தளர்ந்து, மூச்சு விடுவதே சிரமமாகிவிடும். சமைக்கும் சூட்டில் அந்த வித்துகள் சாகாது. "சூடு பண்ணிட்டோமே" என்று பெரியவர்கள் சொன்னாலும், இந்த விஷயத்தில் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

சர்க்கரை நோய் உள்ளவர்கள், தேன் என்பதால் பரவாயில்லை என்று நினைக்க வேண்டாம். தேனும் ரத்தச் சர்க்கரையை ஏற்றும். அவர்கள் பங்கைத் தேன் சேர்க்கும் முன்பே தனியாக எடுத்து, மிளகு மட்டும் தூவிக் கொடுத்துவிடலாம். ஆரஞ்சுச் சாறும் வெங்காயமும் தரும் இலேசான இனிப்பே போதும்.

தேன் வாங்கும்போது, தண்ணீரில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்து, கரையாவிட்டால் சுத்தமானது என்று முடிவு கட்டாதீர்கள். கெட்டியான சர்க்கரைப் பாகும் அப்படித்தான் அடியில் போய் நிற்கும். லேபிளில் எஃப்எஸ்எஸ்ஏஐ எண், அக்மார்க் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள்.

இனிப்பும் காரமும் புதுசா?

சிக்கனில் இனிப்பா என்று முகம் சுளிப்பவர்கள் ஒவ்வொரு வீட்டிலும் ஒருவராவது இருப்பார்கள். வத்தக்குழம்பு இறக்கும்போது ஒரு துண்டு வெல்லம் போடுவதை அவர்களுக்கு ஞாபகப்படுத்துங்கள். சேலத்துக்குப் பக்கத்து மாவட்டமான நாமக்கல்லின் பள்ளிபாளையம் சிக்கனிலும், மிளகாய்க் காரத்துக்கு ஈடுகொடுப்பது சின்ன வெங்காயமும் தேங்காய்ச் சில்லும் தரும் இனிப்புதான். ஜப்பானியர்களின் தெரியாக்கி சிக்கனும் இதே வழி. 'தெரி' என்றால் பளபளப்பு, 'யாகி' என்றால் சுடுவது.

இதற்குத் தேவையானதெல்லாம் சேர்வராயன் மலையில் பக்கத்துப் பக்கத்தில் விளைகிறவைதான். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காலத்தில் இங்கே காபி வந்தது. காபிக்கு நிழல் தர நட்ட சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி ஏறியது. காபிச் செடிகளுக்கு நடுவே ஆரஞ்சு ஊடுபயிரானது. வெளிநாட்டு சாஸ் பாட்டில் ஒன்றுகூட இதற்கு வேண்டாம்.

ஆரஞ்சு கிடைக்காத நாட்களில் அரை எலுமிச்சைச் சாற்றைக் கால் கப் தண்ணீரில் கலந்து ஊற்றலாம். தேன் இல்லையென்றால், அதே அளவு நாட்டுச்சர்க்கரையை இரண்டு ஸ்பூன் வெந்நீரில் கரைத்து, அதையும் கடைசியில்தான் சேர்க்க வேண்டும்.

சுடுசோறு, சப்பாத்தி, ஆறிப்போன இட்லி எதுவானாலும் சேரும். மீந்தால் இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வைத்து, மறுநாள் கொஞ்சம் தண்ணீர் தெளித்து ஆவி பறக்கச் சூடு பண்ணிச் சாப்பிடுங்கள். ஆனால், குழந்தைகள் இருக்கும் வீட்டில் மீதி இருக்குமா என்பது சந்தேகம்தான்.

சென்னைப் பெண்ணும் வாணலியைக் கழுவிவிட்டு, ஃப்ரிட்ஜில் மீதி வைத்திருந்த கறியைப் போட்டு மறுபடி தொடங்கியிருப்பாள். இந்தத் தடவை தேன் பாட்டில் மூடியோடு ஓரமாக நிற்கும், அதன் முறை வரும் வரை. இந்த ஞாயிறு உங்கள் வீட்டிலும் அப்படியே நிற்கட்டும்!