நெஞ்சைப் பிளந்து பார்க்கிறவர்கள்

ஒருவரை 'இவர் முஸ்லிம் அல்லர்' என்று சொல்லிவிடுவதற்கு இந்நாட்டில் ஓர் ஒலிபெருக்கியும் ஒரு வெள்ளிக்கிழமையும் போதும். சாரதி அனுமதிப்பத்திரம் எடுப்பதற்கே எழுத்துப் பரீட்சை ஒன்று, ஓடிக்காட்டும் பரீட்சை ஒன்று என இரண்டு இருக்கின்றன. கலிமாச் சொன்ன மனிதரின் ஈமானை ரத்துச் செய்வதற்கு நம்மிடையே ஒரு பரீட்சையும் இல்லை.

நான் ஆலிம் அல்லன். ஆசிரிய கலாசாலையில் பயின்று, யாழ்ப்பாணக் குடாநாட்டின் ஒரு கிராமப் பாடசாலையில் தமிழ் படிப்பிப்பவன். அகீதாவைப் பற்றிப் பேச இவனுக்கென்ன தகுதி என்று கேட்பவர்கள் இருப்பார்கள். நியாயமான கேள்விதான். மத்ரஸாவை விட்டு நேற்று வெளியே வந்து, இன்று மிம்பரில் ஏறி ஓர் ஊரின் பாதியை இணைவைப்போர் பட்டியலில் சேர்த்துவிடும் இளைஞரிடமும் அதே கேள்வியை அவர்கள் கேட்பார்களானால், என்னுடைய பதிலை நான் பிறகு சொல்கிறேன்.

காத்தான்குடியை எடுத்துக்கொள்வோம். 1979ஆம் ஆண்டு அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா, அப்துர் ரஊப் மௌலவி பேசிவந்த 'வஹ்ததுல் வுஜூத்' கொள்கையை முன்வைத்து, அவரையும் அவருடைய கருத்தை ஏற்றவர்களையும் முர்தத்துகள் என்று பத்வாக் கொடுத்தது. உண்மையில் இருப்பது ஒரே உள்ளமை, அது அல்லாஹ்வின் உள்ளமை என்பதுதான் அக்கொள்கையின் சுருக்கம். இப்னு அரபியின் (1165–1240) பெயரோடு சேர்ந்து வருவது. அதை விளங்கி ஆதரித்தவர்களில் பெரும் ஆலிம்கள் உண்டு. வழிகேடு என்று நிராகரித்தவர்களிலும் பெரும் ஆலிம்கள் உண்டு. ஏறத்தாழ எண்ணூறு வருடங்களாகத் தீராத வழக்கு, கொழும்பில் ஒரு கடதாசியில் தீர்ந்துபோயிற்று.

அந்தக் கடதாசி வீதிக்கு இறங்கியபோது நடந்தவற்றைக் கிழக்கு மாகாணத்தார் அறிவர். ஆயினும் எழுதிவைக்க வேண்டும். 2004இல் காத்தான்குடியில் தரீக்கதுல் முப்லிஹீன் அமைப்பினருக்கு எதிராகக் கலவரம் வெடித்து அவர்களுடைய இடங்கள் தாக்கப்பட்டன. அவர்களுடைய தலைவர் அப்துல்லாஹ் பயில்வானும் மார்க்கத்தை விட்டு வெளியேறியவர் என்றே உலமாக்களால் சொல்லப்பட்டவர். 2006 டிசம்பரில் அவர் மௌத்தானார். காத்தான்குடியில் அடக்கப்பட்ட அவரது மையித்து, கூட்டமாக வந்தவர்களால் தோண்டி எடுக்கப்பட்டது. முஸ்லிம் அல்லாதவரின் ஜனாஸா கடந்து சென்றபோது, அதுவும் ஓர் உயிர்தானே என்று எழுந்து நின்ற நபியின் (ஸல்) உம்மத்து இதைச் செய்தது.

2017 மார்ச் 10ஆம் திகதி அதே ஊரின் அலியார் சந்தியில், ரஊப் மௌலவியின் ஆதரவாளர்களும் ஸஹ்ரானின் தேசிய தௌஹீத் ஜமாஅத்தினரும் மோதிக்கொண்டனர். அதற்குப் பிறகே ஸஹ்ரான் பொலிஸாருக்கு மறைந்து தலைமறைவானார். இரண்டு வருடங்கள் கழித்து, 2019 ஏப்ரல் 21 அன்று அவரும் அவருடைய ஆட்களும் எங்கே வெளிப்பட்டார்கள் என்பதை நான் சொல்லத் தேவையில்லை. தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் 250க்கும் மேற்பட்ட மனிதர்கள் செத்தார்கள்.

1979இன் பத்வாவிலிருந்து 2019இன் குண்டுக்கு நேர்கோடு கீறுவது என் நோக்கம் அன்று. அப்படிக் கீறுவது நேர்மையுமல்ல. குண்டுவெடிப்பை ஜம்இய்யா கண்டித்தது. நான் சொல்வது வேறு. அந்த மனிதர் முதலில் கைவைத்துப் பழகியது தன்னுடைய ஊரின் தொழுகையாளிகள் மீது. அவர்கள் மீது கைவைக்கலாம் என்ற எண்ணம் அவருக்கு முன்பே அவ்வூரின் காற்றில் இருந்தது.

இதையெல்லாம் தௌஹீத்காரர்களின் தலையில் மட்டும் கட்டிவிட்டுத் தரீக்காக்காரர்கள் நழுவ முடியாது. 2009 ஜூலையில் பேருவளை மஹகொடையில் தாக்கப்பட்டது தௌஹீத் பள்ளிவாசல். இருவர் கொல்லப்பட்டனர். கந்தூரிச் சோறு உண்டவர்களும் கல்லெடுக்கத் தெரிந்தவர்களே.

இனி மார்க்கம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். 'அகீதாவில் விட்டுக்கொடுப்பு இல்லை' என்பது நம் மேடைகளின் நிரந்தர வசனம். சரி, அகீதாவின் கிதாபுகளையே திறப்போம்.

போர்க்களத்தில் கலிமாச் சொன்ன ஒருவனை உஸாமா பின் ஸைத் (ரழி) வெட்டிவிட்டார். வாளுக்குப் பயந்து சொன்னான் என்பது அவருடைய விளக்கம். அவனுடைய நெஞ்சைப் பிளந்து பார்த்தீரா என்று நபி (ஸல்) அவர்கள் திரும்பத் திரும்பக் கடிந்ததில், அன்றுதான் தான் இஸ்லாத்துக்கு வந்திருக்கக் கூடாதா என்று உஸாமா ஏங்கினார். நம்முடைய பத்வாக்களில் இந்த ஏக்கத்தை நான் எங்கும் கண்டதில்லை.

இன்னொரு ஹதீஸ், புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. பாவங்கள் செய்த ஒரு மனிதன் மரணத் தறுவாயில், தன் உடலை எரித்துச் சாம்பலைக் காற்றில் தூவிவிடும்படி மக்களிடம் வஸிய்யத்துச் செய்கிறான். அப்படிச் செய்தால் அல்லாஹ்விடம் அகப்படாமல் தப்பலாம் என்று எண்ணுகிறான். அல்லாஹ் அவனை ஒன்றுசேர்த்துக் காரணம் கேட்கிறான். உன் மீதுள்ள அச்சம் என்கிறான். மன்னிக்கப்படுகிறான். சிந்தித்துப் பாருங்கள். இது தொப்பி போடுவதா விரலசைப்பதா என்ற பிரச்சினை அல்ல. அல்லாஹ்வின் வல்லமை, மறுமையில் எழுப்பப்படுதல் என்ற அடிப்படை நம்பிக்கைகளிலேயே அவன் தடுமாறினான். அறியாமையும் அச்சமும் அவனுக்கு உதர்* ஆகின. இந்த ஹதீஸை எடுத்து வைத்து, சொல் குப்ராக இருப்பது வேறு, சொன்னவரைக் காபிர் என்று குறித்துச் சொல்வது வேறு என்று வாதித்தவர் யார் தெரியுமா? நம் தௌஹீத் இளைஞர்கள் மூச்சுக்கு மூச்சு பெயர் சொல்லும் இப்னு தைமிய்யாதான் (1263–1328). தன்னோடு வாதிட்ட ஜஹ்மிய்யாக்களிடம், நீங்கள் சொல்வதை நான் சொன்னால் நான் காபிராகிவிடுவேன், ஆனால் நீங்கள் அறியாதவர்கள், ஆகையால் என்னிடத்தில் நீங்கள் காபிர்கள் அல்லர் என்ற கருத்துப்படப் பேசியவர் அவர். அவருடைய கடுமையை எடுத்துக்கொண்டவர்கள் இந்தப் பக்கத்தை மட்டும் எப்படிப் புரட்டாமல் விட்டார்கள்?

அஷ்அரி இமாம் (மரணம் 936) முஸ்லிம் பிரிவுகளைப் பற்றி எழுதிய பெருநூலின் தலைப்பிலேயே, இவை தொழுகையாளிகளின் கருத்து வேறுபாடுகள் என்று பெயர் வைத்தார். கவாரிஜ், முஃதஸிலா, ஷீஆ எல்லோரும் அந்தத் தலைப்புக்குள் அடக்கம். பக்தாதில் உயிர் பிரியும் வேளையிலும், கிப்லாவை நோக்குவோர் எவரையும் தான் காபிராக்கவில்லை என்பதற்குச் சாட்சி வைத்துவிட்டுப் போனார். கஸ்ஸாலி இமாம் (மரணம் 1111) இஸ்லாத்துக்கும் ஸன்தக்காவுக்கும் இடையிலான எல்லையை வகுக்கவென்றே தனியாக ஒரு நூல் எழுதினார். ஆயிரம் காபிர்களை விட்டுவிடுவதில் நேரும் பிழை, ஒரு முஸ்லிமின் இரத்தத்தைச் சிறிதளவு சிந்துவதில் நேரும் பிழையைவிட இலேசானது என்பது அவருடைய கணக்கு. அலி (ரழி) அவர்களோ தம்மையே காபிர் என்று சொன்ன கவாரிஜ்களைப் பள்ளிவாசலிலிருந்து தடுக்கவில்லை; அவர்கள் வாளெடுக்கும்வரை வாளெடுக்கவுமில்லை. குப்ரிலிருந்து ஓடியவர்கள் அவர்கள் என்றே பதில் சொன்னார்.

எழுபத்து மூன்று கூட்டம் என்ற ஹதீஸை இங்கே தூக்கிக்கொண்டு வருவார்கள். வரட்டும். அந்த ஹதீஸில் 'என் உம்மத்து' என்றுதான் நபி (ஸல்) அவர்கள் சொல்கிறார்கள். ஆகவே எழுபத்து மூன்றும் உம்மத்துக்குள்ளேதான் என்று கத்தாபி (மரணம் 998) விளக்கம் எழுதி ஆயிரம் வருடம் ஆகிவிட்டது.

வரம்பே கிடையாது என்பவன் நானல்லன். அதே கஸ்ஸாலி, உலகம் அநாதியானது, அல்லாஹ் தனித்தனி விஷயங்களை அறியமாட்டான், உடல்கள் எழுப்பப்படா என்று சொன்ன தத்துவவாதிகளை மூன்று மஸ்அலாக்களில் காபிராக்கியவர்தான். நபித்துவம் முஹம்மது (ஸல்) அவர்களோடு முடிந்தது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. காதியானிகளின் கொள்கை அந்த இடத்தில் உடைகிறது என்பதிலும் இல்லை. கொள்கையை மறுப்பது ஆலிமின் கடமை. மனிதரைக் குறித்துத் தீர்ப்புச் சொல்வது காழியின் வேலை. அழைத்து விசாரிக்க வேண்டும். சொன்னதன் கருத்து என்ன என்று கேட்க வேண்டும். சந்தேகத்தை நீக்க வேண்டும். தஃவீலுக்கு இடம் இருந்தால் அதைக் கொடுக்க வேண்டும். ஒருவருடைய கூற்றிலிருந்து நாம் ஊகித்து இழுக்கும் முடிவை அவருடைய கொள்கையாக்கக் கூடாது என்பதும் உலமாக்கள் சொன்ன விதியே. இலங்கையில் காழி நீதிமன்றத்துக்கு இருக்கும் அதிகாரமோ விவாகமும் விவாகரத்தும் அவற்றைச் சார்ந்தவையும். அப்படியிருக்க, பெயர் தெரியாத ஆயிரக்கணக்கான 'ஆதரவாளர்களை', அவர்களுடைய வீட்டுப் பெண்களையும் பிள்ளைகளையும் சேர்த்து, மொத்தமாக முர்தத்தாக்கும் அதிகாரம் எங்கிருந்து வந்தது? முர்தத் என்றால் வெறும் வசையா? நிக்காஹ் முறியும், வாரிசுரிமை போகும், மையவாடி இல்லை என்றல்லவா பிக்ஹு நூல்கள் தொடர்ந்து சொல்கின்றன!

இதற்கு ஒரு பழைய உதாரணம் உண்டு. மலபாரில் ஒருவர் அஹ்மதியாவானார். அவர் முர்தத், ஆகவே நிக்காஹ் முறிந்தது என்று கருதி மனைவி வேறொருவரை மணந்துகொண்டார். வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போயிற்று. 1922இல் ஒரு வெள்ளைக்காரரும் ஓர் இந்துவுமாக இரண்டு நீதிபதிகள், அவர் மதம் மாறியவர் அல்லர், நிக்காஹ் முறியவில்லை என்று தீர்ப்பளித்தார்கள். அந்தத் தீர்ப்பை ஏற்பதும் மறுப்பதும் வேறு விஷயம். நம்மவர் ஊரில் உதிர்த்த ஒரு சொல்லுக்கு விளக்கம் கேட்டு ஒரு பெண் அந்நிய நீதிபதிகளின் முன்னால் போய் நிற்கவேண்டி வந்ததே, அதைத்தான் பார்க்கச் சொல்கிறேன்.

பாகிஸ்தான் 1974இல் அரசியலமைப்பைத் திருத்தி அஹ்மதியாக்களை முஸ்லிம் அல்லாதோர் என்றது. 1984இல் அவர்கள் தம்மை முஸ்லிம் என்று சொல்லிக்கொள்வதே குற்றமாயிற்று. அங்கிருந்து தப்பி நீர்கொழும்புக்கு வந்து அகதி அந்தஸ்துக்குக் காத்திருந்தவர்கள் பலர். 2019 ஏப்ரலில், குண்டு வெடித்த கையோடு, அவர்களை முஸ்லிம்கள் என்று சொல்லி வாடகை வீடுகளிலிருந்து விரட்டினார்கள். பள்ளிவாசலிலும் பொலிஸ் நிலையத்திலும் ஒதுங்கிக் கிடந்தவர்களில் ஒரு பகுதியினர் பிறகு வவுனியாவுக்கு, நமது வடக்குக்கே, கொண்டுவரப்பட்டனர். முஸ்லிம் அல்லர் என்று ஒரு நாடு துரத்தியது. முஸ்லிம் என்று இன்னொன்று துரத்தியது. நம் பத்திரிகைகளில் இதைப் பற்றி எத்தனை பேர் எழுதினோம்?

யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுக்கு இந்தக் கணக்கு விளங்காமல் போவது எனக்குப் பெரும் வியப்பு. 1990 ஒக்டோபர் 30 அன்று ஒஸ்மானியாக் கல்லூரி மைதானத்தில் கூட்டி வைத்து இரண்டு மணித்தியாலம் தந்தபோது, துவக்கு வைத்திருந்தவர்கள் நம்மிடம் தரீக்காவா தப்லீக்கா என்று விசாரிக்கவில்லை. எனக்கு அப்போது பத்து வயது. வாப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்த வரிசையில் மௌலூது ஓதுபவரும் இருந்தார், அதை பித்அத் என்பவரும் இருந்தார். புத்தளத்தின் ஓலைக்கொட்டில்களில் ஒரே குழாய்க்கிணற்றுத் தண்ணீரைக் குடித்தார்கள். திரும்பி வந்து கூரை போட்டு முடிவதற்குள் யாருக்குப் பின்னால் தொழுகை கூடும், யாருக்குப் பின்னால் கூடாது என்ற பட்டியல் வந்து சேர்ந்துவிட்டது.

2019இல் என் பாடசாலையில் ஓர் ஆசிரியை, நல்ல மனுஷி, தயங்கித் தயங்கி, "சேர், நீங்கள் அதில எந்தப் பிரிவு?" என்று கேட்டார். கலிமாச் சொன்ன பிரிவு என்றேன். அவருக்கு விளங்கவில்லை, நம்மவர்களுக்கே விளங்காதது அவருக்கு எப்படி விளங்கும்?

இலக்கிய ஏட்டில் இதை ஏன் எழுதவேண்டும் என்றால், அடுத்தபடியாக வரவிருப்பது நம்முடைய அலுமாரிக்குத்தான். வஹ்ததுல் வுஜூத் பேசியதால் ஒருவர் முர்தத் என்றால், தக்கலை பீர் முகம்மது அப்பாவை எந்தப் பட்டியலில் வைப்பது? குணங்குடி மஸ்தான் சாகிபை? முகியித்தீன் ஆண்டகை மேல் புராணம் பாடிய நமது யாழ்ப்பாணத்துப் பதுறுத்தீன் புலவரை? பாடத்திட்டத்தில் இவர்களை 'இஸ்லாமியத் தமிழ் இலக்கியம்' என்று படிப்பித்துவிட்டு, அதே நம்பிக்கையோடு உயிரோடிருப்பவரின் கபுறைத் தோண்டுவதா? தக்கலையில் பீர் முகம்மது அப்பாவின் ஞானப்புகழ்ச்சியை இன்றும் ஓதுகிறார்கள். அதே தக்கலையில்தான் 2007இல், குடியைப் பற்றிய ஒரு கட்டுரைக்காகக் கவிஞர் எச்.ஜி. ரசூல் ஊர்விலக்கம் செய்யப்பட்டார். 2017இல் அவர் மறைந்தார். கட்டுரையில் பிழையிருந்தால் இன்னொரு கட்டுரை எழுதியிருக்கலாம்.

2005இல் அம்மானில் ஐம்பது நாடுகளைச் சேர்ந்த ஏறத்தாழ இருநூறு உலமாக்கள் கூடி, நான்கு ஸுன்னி மத்ஹபுகளோடு இரண்டு ஷீஆ மத்ஹபுகளையும் இபாழி, ழாஹிரி வழிகளையும் பின்பற்றுவோர் முஸ்லிம்களே என்றும், அஷ்அரிகளையோ உண்மையான தஸவ்வுபுடையோரையோ உண்மையான ஸலபிகளையோ காபிராக்குவது ஆகாது என்றும் முடிவெடுத்தார்கள். 'உண்மையான' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு இன்னொரு சண்டை தொடங்க நம்மவர்களால் முடியும் என்பதை நான் அறிவேன். ஆயினும் ஜம்இய்யா இதனை முன்னால் வைத்துக்கொண்டு 1979இன் பத்வாவை மீண்டும் எடுத்துப் பார்க்கட்டும். சம்பந்தப்பட்டவர்களை அழைத்து உட்காரவைத்துக் கேட்கட்டும். கொள்கை பிழையென்றால் பிழையென்று ஆதாரத்தோடு எழுதட்டும். ஆட்களின் பெயரை, அதிலும் ஆதரவாளர்கள் என்ற பெயரில்லாக் கூட்டத்தை, தீர்ப்பிலிருந்து நீக்கட்டும். மையவாடியின் திறப்பை எந்தப் பள்ளிவாசல் நிர்வாகமும் அகீதாவின் பெயரால் பூட்டக்கூடாது என்று எல்லா ஊர்களுக்கும் ஒரு கடிதம் அனுப்பட்டும்.

பாமர மக்கள் வழிகெட்டுப் போவார்களே என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கஸ்ஸாலி தத்துவவாதிகளை மறுப்பதற்கு முன்னால் அவர்களுடைய கொள்கைகளை, அவர்களே மெச்சும்படி, ஒரு தனி நூலாக எழுதிவைத்துவிட்டுத்தான் மறுப்பு நூலைத் தொடங்கினார். ரஊப் மௌலவியின் கருத்தை அவரே ஒப்புக்கொள்ளும் விதத்தில் நான்கு பக்கம் எழுதிக் காட்டி, பிறகு அதை மறுக்கக்கூடிய ஆலிம் ஒருவர் முன்வரட்டும். இவ்விதழின் ஆசிரியர் அதற்குப் பக்கம் ஒதுக்குவார் என்றே நம்புகிறேன்.